நரம்பை ஒளிர வைக்கும் சாயம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

தர்மபுரியில் காது மூக்கு தொண்டை ஆபரேஷன் செய்கிறவன் நான். ஆபரேஷனில் நரம்பைப் பளிச்சென்று காட்டும் சாயம் ஒன்றைப் பற்றி நேற்று இரண்டு வரி எழுதப்போய், வந்து குவிந்த கேள்விகளில் சில.

சாயம் இல்லாமல் நரம்பு கண்ணுக்குத் தெரியாதா டாக்டர்? (பாலக்கோடு)

தெரியும், ஆனால் தேடணும். காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி என்று வையுங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேயே புகுந்து ஐந்து கிளையாகப் பிரிந்து போகும். நார் மாம்பழத்தில் ஒரு நார்கூட அறாமல் சதையை மட்டும் வழித்தெடு என்றால் எப்படி, அதுதான் எங்கள் வேலை. கசியும் ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு, வெள்ளையாக நூல் மாதிரி தெரிகிறதே, இது நரம்பா வெறும் சவ்வா என்று கத்தரியை நிறுத்திப் பார்த்துக்கொண்டே நிற்போம். தப்பாக வெட்டினால் கண் மூடாது, வாய் கோணிவிடும்.

எப்படி ஒளிர்கிறது?

பெவோனெசீன் என்ற மருந்தில், நரம்பைச் சுற்றியுள்ள திசுவில் போய் ஒட்டும் சின்னப் புரதத் துண்டோடு ஃபுளோரெசின் சாயத்தைக் கோத்திருக்கிறார்கள், கண் டாக்டர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அதே மஞ்சள் சாயம்தான். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டு, நீல வெளிச்சம் அடித்தால் பச்சையாகத் தெரியும். இந்த வழியைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் சான் டியேகோவில் குயென் நுயென் என்ற டாக்டரும், ஒளிரும் புரதத்துக்காக 2008இல் நோபல் வாங்கிய ரோஜர் சியனும்.

ஏற்கெனவே நம்ம தண்ணீரில் புளோரைடு குடித்துப் பல்லெல்லாம் காவி. இதிலும் அதுதானா சார்? (பென்னாகரம்)

நம்ம ஊர்க்காரர்தான் இதைக் கேட்க முடியும்! ஃபுளோரெசினில் புளோரின் துளிகூடக் கிடையாது. புளோர்ஸ்பார் என்ற கல் ஒளிர்வதைப் பார்த்து 1852இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி அந்த ஒளிர்வுக்கு ஃபுளோரசென்ஸ் என்று பேர் வைத்தார். அந்தக் கல்லில் புளோரைடு உண்டு, உறவு அந்தப் பேரோடு சரி.

அப்போ இனிமேல் தப்பே நடக்காதா?

அப்படி இல்லை. நீல வெளிச்சம் ஆழத்துக்குப் போகாது, மேலே சதை மூடியிருந்தால் நரம்பு இருட்டில்தான்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் தைராய்டு ஆபரேஷன், குரல் போய்விடுமோ என்று பயம். இந்த மருந்துக்காகக் காத்திருக்கலாமா? (ஊத்தங்கரை)

வேண்டாம் தம்பி, நானே இதைக் கையால் தொட்டதில்லை. குரல் நரம்பைத் தொட்டால் சத்தம் கொடுக்கும் நரம்பு மானிட்டர் உங்கள் டாக்டரிடம் இருக்கிறதா, ஆபரேஷனுக்கு முன்னால் குரல்வளையைப் பார்ப்பார்களா என்று மட்டும் கேளுங்கள்.