தண்ணீரையும் கழிவையும் அளக்கும் வேலை: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நன்றாகப் படிக்கிற பிள்ளை, மதிப்பெண்ணும் குறைவில்லை. சாக்கடைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு திரியும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவளிடம் பேசுவதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நீங்கள் அஞ்சுவதில் பொய் இல்லை. சுற்றுச்சூழல் தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்தால் கழிவுநீர் நிலையத்தின் நுழைவுத் தொட்டி அருகே அவள் நிற்கத்தான் வேண்டும். குப்பைக் கிடங்கின் ஓரம் ரப்பர் காலணியோடு நடக்க வேண்டும். மழையிலும் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். வீடு திரும்பும்போது உடுப்பில் வாடை இருக்கும். இதை மறைத்துச் சொல்லும் ஆலோசகரை நம்பாதீர்கள்.

ஆனால் அந்தப் புட்டியைப் பற்றி நீங்கள் நினைப்பது சரியில்லை. குடிநீர், ஆறு, நிலத்தடி நீர், தொழிற்சாலை வெளியேற்றும் நீர், குப்பையிலிருந்து கசியும் நீர் என எதுவானாலும் அவள் அதன் மாதிரியை எடுப்பாள். சிலவற்றை அங்கேயே அளப்பாள். மற்றதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வந்து சோதித்து எழுதிவைப்பாள். பொறியாளர் தொட்டி கட்டுவதும், அதிகாரி ஆலைக்கு உத்தரவு போடுவதும், மருத்துவர் ஒரு தெருவுக்கே எச்சரிக்கை விடுவதும் அவள் எழுதிய எண்ணை நம்பித்தான். எண் தவறானால் அதன்மேல் கட்டிய எல்லாமே தவறாகிவிடும். எண் தவறுவதும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில் நடப்பதில்லை. தண்ணீர் புட்டிக்குள் விழும் அந்த ஒரு நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது.

ஒரே ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், குழாயின் வாயைச் சுத்தம் செய்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். அந்தப் புட்டி ஏற்கெனவே கிருமி நீக்கப்பட்டது. உள்ளே சிறிதளவு சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும். தண்ணீரில் உள்ள குளோரின் போகிற வழியிலேயே கிருமிகளைக் கொன்று, "கிருமி இல்லை" என்ற பொய்யான முடிவைத் தந்துவிடாமல் அது தடுக்கிறது. பழக்க தோஷத்தில் அந்தப் புட்டியை ஒரு முறை அலசிவிட்டால் எல்லாம் போயிற்று. அதே குழாயில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் முறை தலைகீழ். குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் திறக்காமல் இருந்த குழாயிலிருந்து வரும் முதல் நீரைத்தான் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த அந்த நீரில்தான் ஈயம் கரைந்திருக்கும். கிருமிச் சோதனைப் புட்டியில் குலுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் புட்டியிலோ ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. கன உலோகச் சோதனை என்றால் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். எனும் அமில-கார அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புட்டி பிடிப்பது என்று நீங்கள் சொன்ன வேலைக்குள் இத்தனை அறிவு இருக்கிறது.

இதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரம் சாட்சி. 2014 ஏப்ரலில் அந்நகரம் தன் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் வீடுகளுக்குள் வந்தது. மாதிரி எடுக்கும் வீட்டாரிடம், முந்தைய இரவே குழாயைத் திறந்து ஓடவிடும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஈயம் தேங்கிய நீர் அப்படியே வெளியேறிப் போனது. தாளில் எண்கள் குறைவாகத் தெரிந்தன. தண்ணீரின் நிறத்தையும் பிள்ளைகளின் உடம்பையும் பார்த்த தாய்மார்கள் அந்த எண்களை நம்பவில்லை. 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தண்ணீர் பிடித்துத் தரச் சொல்லி அந்நகர வீடுகளுக்குச் சுமார் 300 மாதிரிப் பெட்டிகளை அனுப்பினார்கள். 250-க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. முறையாகப் பிடித்த அந்தத் தண்ணீர்தான் உண்மையைச் சொன்னது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஈயச் சோதனைக்கு முன் குழாயை ஓடவிடச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாடு முழுவதற்கும் அறிவுறுத்தியது. மாதிரி எடுக்கும் குறிப்பில் இருந்த ஒரே ஒரு வரி எத்தனை குழந்தைகளைத் தொட்டது என்று எண்ணிப் பாருங்கள் அம்மா.

உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பத்துக் கோடிப் பங்கில் ஒரு பங்கு. கண்ணுக்கும் நாக்குக்கும் மூக்குக்கும் எட்டாத அந்த அளவைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் மகள் விரும்பும் வேலை. கைவிரல் ஈரம் பட்டாலும், மூடியைத் தரையில் வைத்தாலும் அந்த அளவு மாறிப்போகலாம்.

அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதை நீங்கள் அறிவீர்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., என்றொரு சோதனை உண்டு. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்று பார்ப்பது. புட்டியை 20 டிகிரி வெப்பத்தில், இருட்டில், ஐந்து நாள் வைத்திருந்து அளக்க வேண்டும். அவசரப்படுத்த வழியே இல்லை. திங்களன்று வைத்தால் சனிக்கிழமை வந்து பார்க்க வேண்டும், செவ்வாயன்று வைத்தால் ஞாயிறு. வாரக் கடைசியில் வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்களே, உண்டு. ஆறும் ஆலையும் ஞாயிற்றுக்கிழமை நிற்பதில்லை.

இந்தப் படிப்பில் மேலே போக வழி இல்லை என்று உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் ஏற்கவில்லை. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முறையான 'செயலூட்டிய சேற்று முறை', கழிவுநீர் நிலையத்தில் சோதனை செய்துகொண்டிருந்தவர்களின் கையில்தான் பிறந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரின் டேவிஹூல்ம் நிலையத்தில் எட்வர்டு ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் புட்டியில் கழிவுநீரை ஊற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள். அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ ஐந்து வாரம் ஆனது. அடியில் படிந்த சேற்றைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் மீண்டும் காற்றடித்தார்கள். கடைசியில் அதே வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. எல்லோரும் வீசியெறிந்த சேறுதான் வேலை செய்யும் உயிர்க்கூட்டம் என்பதை 1914இல் அவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது. அழுக்கை அருகே இருந்து கவனித்தவர்களுக்கே அது தெரிந்தது.

கழிவுப் பக்கம் வேலை சற்றே வேறு மாதிரி. திடக்கழிவை வகைவாரியாகப் பிரித்து எடை போடுவது, கிடங்கைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர் எடுப்பது, மீத்தேன் வாயு எங்கே கசிகிறது என்று கருவியோடு நடந்து பார்ப்பது, ஆபத்தான கழிவு எந்த லாரியில் ஏறி எங்கே இறங்கியது என்று தாளில் தொடர்வது. கிணற்றில் தேங்கிக் கிடக்கும் நீரை முதலில் இறைத்து வெளியேற்றிவிட்டு, புதிதாக ஊறும் நீரைத்தான் மாதிரியாகப் பிடிப்பார்கள். இதில் உடல் உழைப்பு கூடுதல். அவளுக்கு ஆய்வுக்கூட மேசை பிடிக்கிறதா, வெளியில் அலைவது பிடிக்கிறதா என்பதைப் பொறுத்துப் பிற்பாடு முடிவு செய்துகொள்ளலாம்.

ஆபத்தைப் பற்றி நீங்கள் எழுதாதது எனக்கு வியப்பாக இருந்தது. வாடையைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வாடை தெரியாமல் போவதைப் பற்றி. கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றது, வாயு போய்விட்டது என்று நினைப்பவர் மயங்கி விழுவார்; அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். எனவே மூடிய தொட்டிக்குள், மனிதர் இறங்கும் குழிக்குள், வாயு அளக்கும் கருவியும் மேலே காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. இந்த ஒன்றில் மகளிடம் சத்தியமே வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் சேரும் முன் அவள் நிர்வாகத்திடம் நேரடியாகக் கேட்கட்டும்: வாயுக் கருவி யார் கையில் இருக்கும், கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள், டெட்டனஸ், ஹெபடைடிஸ் தடுப்பூசிகளை நிறுவனம் போட்டுக் கொடுக்குமா, களத்துக்குத் தனியே அனுப்புவீர்களா, பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் இடமும் எங்கே. இவற்றுக்கு முகம் சுளிக்கும் நிறுவனத்தில் அவள் சேர வேண்டாம்.

படிப்பைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு நேர்வழி. வேதியியல், நுண்ணுயிரியல் பட்டம் படித்தவர்களும் இதே மேசைக்கு வந்து சேர்கிறார்கள். என்னைக் கேட்டால், கல்லூரியின் பெயரைவிட ஆய்வுக்கூடத்தைப் பாருங்கள் என்பேன். மாணவர் தம் கையால் டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) செய்கிறாரா, பி.எச். கருவியைத் தாமே அளவுத்திருத்தம் செய்கிறாரா, வாரம் ஒரு முறையாவது களத்துக்குப் போகிறாரா? 1888இல் ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் கண்டுபிடித்த கரைந்த ஆக்சிஜன் சோதனையை இன்றும் செய்து பார்க்க வைக்கும் கல்லூரி நல்ல கல்லூரி. கணக்கில், குறிப்பாகப் புள்ளியியலில், அவள் தடுமாறினால் இப்போதே கவனியுங்கள். பின்னால் சோதனைக்கூடங்களுக்கான பன்னாட்டுத் தர நெறியான ஐ.எஸ்.ஓ. 17025-இன் சான்று பெற்ற ஆய்வுக்கூடங்களில் தர உறுதிப் பொறுப்புக்கு உயர அது மிகவும் தேவை.

உணர்கருவிகள் வந்துவிட்டன, ஆளுக்கு இனி என்ன வேலை என்பதும் உங்கள் கேள்வி. கருவி எண்ணைத் தரும். அதன் முனையில் பாசி படிந்துவிட்டால் தவறான எண்ணையும் அதே உறுதியோடு தரும். பாசி மண்டிய குளத்தில் பிற்பகலில் அளந்தால் ஆக்சிஜன் பொங்கி வழியும். விடியற்காலையில் அதே குளத்தில் மீன் மூச்சுத் திணறும். எந்த நேரத்து எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரிந்த ஆளுக்கு, கருவிகள் பெருகப் பெருக வேலையும் கூடும் என்பதே என் கணிப்பு.

சம்பளம் தொடக்கத்தில் குறைவு. மென்பொருள் வேலைக்குப் போகும் தோழியோடு ஒப்பிட்டால் முதல் சில ஆண்டுகள் மனம் வாடும். ஒப்பந்த வேலையாகத்தான் பலருக்கும் தொடங்குகிறது. இதற்கு ஆறுதல் சொல்ல நான் முயலவில்லை. குடும்பத்தில் உடனடிக் கடன் சுமை இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்றாவது ஒரு நாள் யாரோ ஒருவர் அவளிடம், "இந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடம்மா" என்பார். மிரட்டலாக இருக்காது, உதவி கேட்பது போல இருக்கும். இந்தத் தொழிலில் தவறாக எழுதியதைக்கூட அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அப்படிப்பட்ட குறிப்பேட்டில் பொய் எழுத மறுத்தால் வேலை போகலாம். என்னிடம் படித்துச் சென்ற பிள்ளைகளில் ஒருவருக்கு அது நடந்தது. வீட்டுக்குப் போனால் அப்பா என்ன சொல்வாரோ என்றுதான் அந்தப் பிள்ளை முதலில் பயந்தது. உங்கள் மகள் அந்த நாளில் உங்களுக்குப் பயப்படக் கூடாது அம்மா. அதை இன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கழிவுநீர் நிலையங்கள் பலவற்றில் முன்கூட்டி எழுதிக் கேட்டால் பார்க்க அனுமதிப்பார்கள். அவளோடு நீங்களும் போங்கள். காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவுச் சாடியில் கலங்கல் நீரை ஊற்றி, அரை மணி நேரம் அசையாமல் வைத்துச் சேறு எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார்கள். அதைக் காட்டச் சொல்லி, முழு அரை மணி நேரமும் கூடவே நில்லுங்கள். மேலே நீர் தெளியும். கீழே பழுப்பு நிறச் சேறு மெல்ல இறங்கும். கறுத்திருந்தால் காற்றுப் போதவில்லை என்று அங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். திரும்பி வரும் வழியில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அவள் முதலில் வாடையைப் பற்றிப் பேசுகிறாளா, சாடியைப் பற்றிப் பேசுகிறாளா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.