பழைய ஸ்விஃப்ட் காருக்கு லோயரிங் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாட்டலாமா?

நீங்கள் சொன்ன விவரம்: 2008 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியின் உயரத்தை 30 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் செட் கையில் இருக்கிறது. போர்ட்டிகோவில் ஜாக்கி போட்டு நானே மாட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பின்பக்கம் தாராளமாக மாட்டலாம். முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) கழற்றுவது வரை வீட்டில் செய்யுங்கள். அதிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கிற வேலையை மட்டும் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள். அந்த இடத்தில் நான் கையை இழக்கப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னுடையது 2007 மாடல் விஎக்ஸ்ஐ, அதே 1.3 லிட்டர் இன்ஜின். மூன்று வருடம் முன்பு கோவையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து மாட்டினேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஒரு பக்கமாகச் சாயும், பின்சீட்டில் அம்மாவுக்குக் குமட்டும். அதைக் குறைக்கத்தான் இறங்கினேன். குறைந்தது. ஆனால் அந்தப் பலனில் பாதிக்கு மேல் கூடவே போட்ட புது ஷாக் அப்சர்பரால் வந்தது என்பது என் கணிப்பு. அதனால் முதலில் ஷாக்கைப் பார்ப்போம்.

லோயரிங் ஸ்பிரிங், கம்பெனி ஸ்பிரிங்கை விட விறைப்பானது. அமுங்கினால் வேகமாகத் திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஷாக், பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கையே ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி குதித்துக்கொண்டே போகும், வளைவில் ஒரு பள்ளம் வந்தால் டயர் தரையை விட்டுத் தாவும். இறக்கிய வண்டி மோசம் என்று சொல்கிற பலர் ஓட்டிப் பார்த்தது இப்படிச் செத்த ஷாக்கோடு இறக்கிய வண்டியைத்தான். எப்படியும் ஸ்ட்ரட்டைப் பிரிக்கப் போகிறீர்கள், கூலி ஒன்றுதான். ஷாக் நான்கும், முன்பக்க ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிக்கும் மவுண்ட், அதன் பேரிங், தூசி புகாமல் மூடும் டஸ்ட் பூட், சக்கரம் மேலே ஏறி முட்டும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கையில் காசு இல்லையென்றால் ஸ்பிரிங் பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு மாதம் பொறுங்கள். என் வண்டியில் டஸ்ட் பூட்டை மேலே தள்ளியபோது உள்ளே இருந்த பம்ப் ஸ்டாப் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலிலேயே உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. 30 மி.மீ. இறக்கினால் சக்கரம் மேலே ஏற இருக்கும் தூரமும் அதே 30 மி.மீ. குறைகிறது, பம்ப் ஸ்டாப்புக்கு முன்பைவிட வேலை அதிகம். ஸ்பிரிங்கோடு வந்த தாளில் பம்ப் ஸ்டாப்பை இவ்வளவு வெட்டு என்று போட்டிருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

"எதுக்குப் புது ஸ்பிரிங்? இருக்கறதுல ஒரு சுத்து வெட்டி விட்ரலாம்" என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும், அதுகூடப் பரவாயில்லை. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டை விட்டுக் கழன்று நிற்கும், திரும்ப ஏறும்போது எங்கே உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. காஸ் கட்டிங்கில் வெட்டினால் சூட்டில் பக்கத்துச் சுற்றின் பதமும் போய்விடும். குடும்பத்தை ஏற்றிப் போகிற வண்டியில் இதைச் செய்யக் கூடாது. நீங்கள் வாங்கிய செட்டையும் இந்த விஷயத்தில் சோதித்துப் பாருங்கள்: மாட்டி முடித்து, சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டினால் ஆடக் கூடாது.

30 மி.மீ. சரியான அளவு, அதற்கு மேல் போக வேண்டாம். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். வண்டி இறங்க இறங்க சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலே போகும். அது கிடைமட்டத்தைத் தாண்டிவிட்டால் வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட, சாய்வுக்கு அச்சான புள்ளி வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாயவைக்கும் விசை கூடும். 60 மி.மீ. இறக்கி, பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்தும் வளைவில் மொத்தமாகச் சாய்கிற வண்டிகளுக்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று நம் ஊர் வேகத்தடை. ஸ்விஃப்டுக்கு கம்பெனி சொன்ன தரை இடைவெளி 170 மி.மீ., இறக்கினால் 140. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. நம் வண்டியின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.39 மீட்டர்தான். அதாவது வண்டி மொத்தமாகத் தடையின் மேல் ஏறி நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சக்கரங்களுக்கு நடுவில் தடை 4 செ.மீ. போல்தான் மேலே வருகிறது. எவ்வளவு ஆள் ஏற்றினாலும் இடிக்காது. தெருக்காரர்கள் ஒரே இரவில் கட்டிவிடுகிற, குறுகலாக, குத்தாக நிற்கும் மேட்டில்தான் அடி தட்டும், ஆயில் சேம்பர் அடிவாங்கும். உங்கள் தெருவிலும் அலுவலகம் போகிற வழியிலும் அப்படி எத்தனை இருக்கிறது என்று ஒரு நாள் டேப் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நான் பார்த்தேன். ஒன்றைத்தான் இப்போது ஐந்து பேரோடு குறுக்காக ஏற்ற வேண்டியிருக்கிறது.

டேப்பை எடுத்ததும் இதையும் செய்துவிடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். என் வண்டியில் ஓட்டுநர் பக்கம் முன்னால் மற்றதைவிட 9 மி.மீ. குறைவாக இருந்தது. பழைய ஸ்பிரிங் வருடக்கணக்கில் அமுங்கிப் போயிருந்தது. அதனால் 30 மி.மீ. என்று விற்ற ஸ்பிரிங் அந்தப் பக்கம் 20 சொச்சம்தான் இறக்கியது. இந்த அளவு கையில் இல்லாவிட்டால் ஸ்பிரிங் தப்பானது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்கு இரும்பு), ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷரே தேவையில்லை. ஆனால் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை என்பதை மறக்காதீர்கள். பின்னால் தூக்கியதும் அது பயனில்லை. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டு, பின்பக்கம் தூக்கி, ஜாக்கி வைக்கும் விளிம்பில் ஸ்டாண்டு இரண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டாதீர்கள், செங்கல் அடுக்கவும் வேண்டாம். பிறகு ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை மெல்ல இறக்குங்கள். இறக்கும்போது கண் பிரேக் ஹோஸ் மேலேயே இருக்கட்டும். அது விறைப்பதற்கு முன்னாலேயே ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். மேலும் கீழும் உள்ள ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். புது ஸ்பிரிங்கின் முனை தட்டில் இருக்கும் படியில் முட்டி நிற்க வேண்டும். எனக்கு இந்த வேலை இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் துருப்பிடித்த ஒரே ஒரு போல்ட்டுக்கு. முந்தின நாள் இரவே எல்லாப் போல்ட்டுக்கும் துரு எண்ணெய் அடித்து விட்டிருந்தால் அந்த நேரம் மிச்சம்.

இனி முன்பக்கம். ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப்பை விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் நிலையைப் பெயிண்டால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். நக்கிளைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் உள்ஜாயின்ட் இழுபடும். பானெட்டுக்குள் இருக்கும் மேல் பிடிப்பைக் கடைசியாக, ஸ்ட்ரட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு விடுங்கள். இது வரை பொறுமை இருந்தால் போதும்.

இப்போது ஸ்ட்ரட் தரையில் கிடக்கிறது. நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வரும். ஆயிரம் கிலோ வண்டியில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிலோவைத் தாங்குகிறது. அந்த எடையைத் தாங்குகிற ஸ்பிரிங் அந்த ஒரு நட்டுக்கு அடியில் அமுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. நான் கொக்கி வைத்த இரட்டைக் கம்பி கம்ப்ரஷர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் மாறி மாறித்தான் திருகினேன், ஆனால் ஒரு பக்கம் மரை காய்ந்து இறுகியதால் மறுபக்கம் முன்னால் போய்விட்டது. ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே ஒரு கொக்கி சுற்றின் மேல் வழுக்கி, ஒரு சாண் தூரம் நகர்ந்து படாரென்று நின்றது. ஸ்பேனர் கையிலிருந்து பறந்து கதவில் அடித்தது. நடு நட் இன்னும் முழுசாக இறுக்கத்தில் இருந்ததால் ஸ்பிரிங் வெளியே பாயவில்லை. அதைக் கொஞ்சம் தளர்த்தி வைத்திருந்தால் இந்தப் பதிலை எழுத இரண்டு கையும் இருந்திருக்காது.

அரை மணி நேரம் அதன் பக்கமே போகவில்லை. பிறகு கம்ப்ரஷரைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தி எடுத்துவிட்டு, இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனேன். அங்கே சுவரில் பதித்த கம்ப்ரஷர் இருந்தது. கொக்கி வழுக்கிய தடத்தைப் பார்த்ததுமே அந்த அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங் தம்பி, வீட்லயே அமுக்கிப் பாத்தீங்களா? இது விட்டுச்சுன்னா ஆளையே கொண்டு போயிருமுங்க. கழட்டிக் கொண்டு வந்தீங்கல்ல, அதுவே பாதி வேலை. உக்காருங்க" என்றார். இரண்டையும் பிரித்து, புது மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், ஷாக், ஸ்பிரிங் போட்டுக் கட்டித் தர அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. அவர் வாங்கிய கூலி நான் வாங்கிய கம்ப்ரஷரின் விலையை விடக் குறைவு. நீங்களும் இப்படியே செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது பலரும் விடுகிற ஒரு வேலை இருக்கிறது. லோயர் ஆர்ம், பின் பீம் இரண்டின் மூட்டிலும் இருக்கும் புஷ்ஷில் ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கிக்கொள்ளும். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். அப்படி நிற்கிற பழைய ரப்பர் சீக்கிரம் கிழியும். அதனால் எல்லாம் மாட்டி, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நிற்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை நாலு முறை அமுக்கி விட்டு, பிறகு சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள். வீட்டில் குனிந்து இறுக்க இடமில்லையென்றால், அலைன்மென்டுக்குப் போகும் இடத்தில் வண்டி ரேம்பில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது இதைச் செய்யச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினாலே டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறிவிடும், அப்படியே ஓட்டினால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஸ்பிரிங் உட்கார 500 கிலோமீட்டர் ஆகும் என்பதால் மாட்டியதும் ஒரு முறை, 500-க்குப் பிறகு ஒரு முறை பாருங்கள். அன்றைக்கே எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, ஹெட்லைட் வீச்சையும் சரி செய்யுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வந்தது. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய நான்கு ஸ்பிரிங்கிலும் எது எந்தப் பக்கம் என்று பெயிண்டில் எழுதி, எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். பழையபடி மாற்ற வேண்டி வந்தால் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் டஸ்ட் பூட்டைத் தூக்கி, உள்ளே ஒரு படம் எடுத்துக் கருத்தில் போடுங்கள். ஷாக் கசிந்திருக்கிறதா, பம்ப் ஸ்டாப் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.