வாசகர் கேள்வி: காற்றோடு ஒரு பந்தயம்

கேள்வி: இரண்டாண்டுகளாகத் தனியாகவே சைக்கிள் ஓட்டிப் பழகிய நான், பயிற்சி முகாமின் கடைசி நாள் பந்தயத்தில் பத்தாவது கிலோமீட்டரிலேயே கூட்டத்திலிருந்து பின்தங்கிவிட்டேன். என் கால்களில் வலு போதவில்லையா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கால்களைக் குறை சொல்வதற்கு முன் காற்றைக் கவனியுங்கள். சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தம் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றைத் தள்ளுவதற்கே செலவிடுகிறார். முன்னே செல்பவரின் சக்கரத்தை ஒட்டிச் செல்பவருக்கோ அதில் கால்பங்குக்கும் மேல் மிச்சமாகிறது. தனியாகப் பழகியவர்கள் அச்சத்தால் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விட்டு, அந்தச் சலுகையில் ஒரு பகுதியைத் தாங்களாகவே இழக்கிறார்கள். உங்களுக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம்.

உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலேயே இருப்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் மேல்காற்றைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார். கிழக்கு நோக்கிச் செல்கையில் முதுகைத் தள்ளும் அதே காற்று, சாலை தெற்கே திரும்பியதும் வலப்புறத்திலிருந்து அடிக்கும். அப்போது முன்னவருக்கு நேர் பின்னால் அல்லாமல், சற்று இடப்புறம் ஒதுங்கிச் சென்றால்தான் மறைவு கிடைக்கும். போக்குவரத்துள்ள சாலையில் இதைப் பழக வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். முகாமின் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு மேட்டிலும் சக பயிற்சியாளர்களோடு போட்டியிட்டீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் செய்து, பந்தய நாளன்று களைத்த கால்களோடு வந்து நிற்கிறார்கள்.