பழைய கணினியில் புதிய ஹார்டு டிஸ்க் வேலை செய்யுமா?

2008 வாக்கில் வாங்கிய கணினியில் 4 டெராபைட் சாட்டா (SATA, டிஸ்க்கைக் கணினியுடன் இணைக்கும் முறை) ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருத்தலாம். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நொடிக்கு 6 கிகாபிட் வேகத்துக்கு உருவான டிஸ்க், 3 கிகாபிட் போர்ட்டில் பெரும்பாலும் தானாகவே இறங்கி வந்துவிடும்.

சிக்கல் கொள்ளளவில்தான். டிஸ்க்கின் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் (MBR) முறை, செக்டார் எனப்படும் சிறு சேமிப்புத் துண்டின் எண்ணை 32 பிட்டில் எழுதுகிறது. ஒரு செக்டார் 512 பைட் என்றால் அது எட்டக்கூடிய எல்லை சுமார் 2.2 டெராபைட். மிச்ச இடம் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாது! ஜிபிடி (GPT) என்ற புதிய முறையில் பிரித்தால் முழு இடமும் கிடைக்கும். ஆனால் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில் புதிய வகையான யூஇஎஃப்ஐ (UEFI) இல்லாத, பழைய பயாஸ் (BIOS) மட்டுமே உள்ள கணினியில் விண்டோஸை ஜிபிடி டிஸ்க்கிலிருந்து தொடங்க முடியாது. ஆகவே விண்டோஸ் இப்போதிருக்கும் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். புதியதைக் கோப்புகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் இதுவும் பயன்படாது, அது ஜிபிடியைப் படிக்காது.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் பழைய ரெய்டு (RAID) கார்டுகளிலும், டிஸ்க்கை வெளியே வைத்து இணைக்கும் யூஎஸ்பி உறைகளிலும் சில 2 டெராபைட்டுக்கு மேல் அறியவே அறியாதவை. மென்பொருளால் அதைத் தீர்க்க முடியாது.

வாங்கும்போது 512இ (512e) வகையா, அதாவது உள்ளே 4096 பைட் செக்டார் இருந்தாலும் கணினிக்கு 512 பைட்டாகக் காட்டுவதா என்று கட்டாயம் பாருங்கள். 4096 பைட்டாகவே காட்டும் 4கேஎன் (4Kn) வகை பழைய கணினிக்கு ஒத்துவராது.

இன்னொன்று, பலரைத் திகைக்கவைப்பது: சில டிஸ்க்குகளில், குறிப்பாகச் சர்வர்களுக்கானவற்றில், சாட்டா மின் இணைப்பின் மூன்றாம் முனைக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுழலவே தொடங்காது. பழைய பவர் சப்ளை அந்த மின்னழுத்தத்தைத் தொடர்ந்து தரும். டிஸ்க் பழுதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், 3.3 வோல்ட் கம்பி இல்லாத, மோலெக்ஸ் (பவர் சப்ளையின் பழைய நான்கு முனை மின் இணைப்பு) இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் இணைப்பைப் போட்டுப் பாருங்கள்.