மின்னணுக் கடல் வரைபடம் இருந்தும் சிறு படகுக்காரர்கள் செயற்கைக்கோள் படத்தையும் ஏன் பார்க்கிறார்கள்?

மின்னணுக் கடல் வரைபடம் என்பது ஆழம், பாறை, கலங்கரை விளக்கம் எல்லாம் குறித்த வரைபடத்தைத் திரையில் காட்டுவது. அதன்மேல் நம் படகு எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் காட்டும்.

சிக்கல் என்னவென்றால், ஜிபிஎஸ் சில மீட்டர் வரை துல்லியம், வரைபடம் அப்படியல்ல. பிஜி, துவாமோத்து போன்ற பசிபிக் தீவுகளின் சில பகுதிகளுக்கு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்த காலத்து அளவைதான் இன்றும் அடிப்படை. அன்று தீர்க்கரேகையை வானத்தையும் கடிகாரத்தையும் வைத்துக் கணித்தார்கள். அதனால் ஒரு பவளத்திட்டு முழுசாகவே சில நூறு மீட்டர் தள்ளிப் பதிவாகியிருக்கலாம். இருட்டில் அதை நம்பிப் போனால் படகு போய்விடும்.

செயற்கைக்கோள் படத்தில் திட்டு ஏறக்குறைய தன் இடத்திலேயே தெரியும். தெளிந்த நீரில் அடர்நீலம் ஆழம், வெளிர்பச்சை மணல்மேடு, பழுப்பு என்றால் பவளம் மேலே நெருங்கிவிட்டது. நிலம் வாங்கும்போது பத்திரத்தோடு நிற்காமல் வரப்பையும் போய்ப் பார்ப்போமே, அது போலத்தான். ஓப்பன்சிபிஎன் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். படங்களைக் கரையிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படம் இருந்தால் வரைபடம் வேண்டாம் என்று பலர் நினைப்பது தவறு: படத்தில் ஆழ எண் கிடையாது, கலங்கிய நீரில் அடி தெரியாது, மேகநிழல் திட்டு போலவே இருக்கும், சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளியே 10 மீட்டர் என்பதால் சிறு பவளப்பாறை தெரியாமலே போகும்.