கொறங்காட்டு விதை எடுத்து விற்கலாமா? கேள்வி பதில்

காங்கயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் விதையும் வெள்வேல் மரத்து விதையும் எடுத்து, தரிசைத் திருத்துகிறவர்களுக்கு விற்கிறேன். அது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

தாராபுரம் தம்பி: அக்கா, ஆறு ஏக்கர் மானாவாரி சும்மா கிடக்குது. புல்லை விதைக்காகவே வளர்த்தால் கட்டுபடியாகுமா?

ஆகும் தம்பி. ஆனால் மேய்க்கிற காட்டிலேயே விதையும் எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க. ஆடு கடிச்ச தூரில் கதிர் எங்கே வரும்? ஒரு துண்டு நிலத்தைத் தனியா அடைச்சுப் போடுங்க. செலவெல்லாம் அறுவடைக் கூலியில்தான். கதிர்கள் ஒண்ணா முத்தாது. முத்தினதும் நமக்காகக் காத்திருக்காது, ஒரு காத்தடிச்சா கொட்டிடும். வைக்கோல் நிறத்துக்கு வந்த கதிரா பார்த்துக் கையால உருவி, இடுப்பில் கட்டின பையில் போட்டுக்கிட்டே போகணும். சில நாள் கழிச்சு மறுபடி அதே காட்டுக்குள்ள இறங்கணும். வீட்டு ஆள் இருந்தா மிச்சம் நிக்கும், முழுக்கக் கூலி ஆள்னா கையைக் கடிக்கும்.

கரூர்: புது விதைன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஐப்பசி மழைக்கு விதைச்சேன், ஒண்ணும் வரலை. ஏமாந்துட்டேனா?

புது விதைங்கறதுதான் வினையே! இந்தப் புல்லின் விதை அறுத்த கையோட முளைக்காது, உறங்கும். நல்லா காய வெச்சு, ஈரம் படாம அரை வருஷத்துக்கு மேல வெச்சிருந்தாத்தான் உறக்கம் கலையும். போன பருவத்து விதையைத்தான் நான் இந்தப் பருவத்துக்கு விக்கிறது. நிலத்தை அவசரப்பட்டு உழுதுடாதீங்க. போட்டது மண்ணிலேயே கிடக்கலாம், அடுத்த மழைக்கு ஒருதரம் பாருங்க. இனி விதைச்சா மண்ணோட கலந்து தூவி மேலாக்க மூடினா போதும், ஆழம் ஆகாது. எறும்பு இழுக்கிற இடமா இருந்தா களிமண்ணும் சாணமும் சேர்த்து உருட்டிப் போடுங்க.

திண்டுக்கல், தொண்டு நிறுவனத்திலிருந்து: ஒருத்தர் சொல்ற விலையில் பாதிக்கு இன்னொருத்தர் தர்றார். யார்கிட்ட வாங்க?

சாக்கு எடைக்கு விலை பேசினா இப்படித்தான் குழம்பும். முதல் ஆள்கிட்ட 100 கிலோவில் 80 கிலோ விதை, அதில் 30 சதம் முளைக்கும்னு வெச்சுக்குங்க. உயிருள்ளது 24 கிலோ. பாதி விலைக்காரர்கிட்ட 50 கிலோதான் விதை, மிச்சம் சருகும் காம்பும். அதிலும் 15 சதம்தான் முளைப்புன்னா வெறும் ஏழரைக் கிலோ. முளைக்கிற கிலோவுக்குக் கணக்குப் போட்டா மலிவுச் சரக்குதான் ஒன்றரை மடங்குக்கு மேல விலை.

வாங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் அழுத்திக் கசக்கி ஊதிப் பாருங்க. சுணை பறந்ததும் உள்ளே இருக்கிற அரிசி, அதாவது விதை மணி, சின்னதா நிக்கணும். எல்லாமே பறந்துபோனா அது பதர். அப்புறம் நூறு விதையை ஈரச் சாக்கில் முளைகட்டி எண்ணிப் பார்த்துட்டுப் பணம் குடுங்க. சோதிக்க விடமாட்டேன்னு சொல்றவர்கிட்ட நான் வாங்கமாட்டேன்.

பல்லடம்: ராஜஸ்தான் பக்கத்து விதை எளிதா கிடைக்குது. புல் ஒண்ணுதானே?

தீவனத்துக்குன்னா தாராளமா போடுங்க. பழைய கொறங்காட்டை மீட்கணும்னா உள்ளூர் விதைதான். இந்தப் புல் பெரும்பாலும் ஆண் பெண் கலப்பில்லாமல் தாய்த் தூரின் நகலாகவே விதை கட்டும். ஒரே காட்டில் உருவினா ஒரே ரகம்தான் பெருகும். அதனால நான் மேடு, பள்ளம், செம்மண், சுண்ணாம்புக்கல் பூமின்னு பல இடத்துத் தூரில் எடுத்துக் கலக்கறேன். அலைச்சல்தான்.

வெள்ளகோவில் அம்மா: வெள்வேல் விதை பாதிக்கு மேல ஓட்டையா இருக்குதே கண்ணு?

அது வண்டு வேலைங்கம்மா. காய் மரத்திலிருக்கும்போதே முட்டை வெச்சுடும். காயை உலுக்கினதும் காயவெச்சு, விதையைப் பிரிச்சுடுங்க. கிடக்க விட்டா வண்டு பெருகும். ஓட்டை விதையைக் கழிச்சுடுங்க. இல்லாட்டி நம்ம பெரியவங்க செஞ்சமாதிரி, காயை ஆட்டுக்குப் போட்டுட்டு மறுநாள் பட்டியைக் கூட்டி விதையைப் பொறுக்குங்க. ஆட்டு வயித்துக்குள்ள போய் வந்த விதைக்குத் தோல் இளகியிருக்கும். நேராக் காயிலிருந்து எடுத்ததுன்னா கொதிச்ச தண்ணியை இறக்கி ஊத்தி, ராத்திரி முழுக்க ஊற விடணும்.

ஈரோடு: கிளுவை விதை, நாவல் விதை இருக்குமா? தையில் வேணும்.

வேலிக் கிளுவைக்கு விதையில்லை, போத்துத்தான் (வெட்டின கிளைத் துண்டு) நடுவாங்க. நாவல் விதை காய்ஞ்சா செத்துப்போகும், பழம் வர்ற ஆனி ஆடியில் வாங்கி உடனே ஊன்றணும். தையில் யாராவது நாவல் விதை குடுத்தா வாங்காதீங்க. காப்புக்காட்டில் அனுமதியில்லாம எதுவும் பொறுக்கவும் வேண்டாம், வழக்காயிடும்.

கோத்தகிரி: எங்க மலைப் புல்வெளியில் சீகை மரம் (வெளிநாட்டு வாட்டில் மரம்) வெட்டின இடத்துக்குக் கொழுக்கட்டைப் புல் அனுப்புவீங்களா?

அனுப்பமாட்டேன். மலைக்கு மலைப் புல்லேதான். இதே கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் தீவனத்துக்காகப் போய், இப்போ அங்கே காட்டுத்தீக்குத் தீனி போடற களையா நிக்குது. பக்கத்தில் மிஞ்சியிருக்கிற புல்வெளித் திட்டில் கதிர் எடுத்து நாத்துவிடுங்க. உருவுறது எப்படின்னு வேணா வந்து காட்டறேன்.