தட்டின் நீலம் எந்தக் காலத்தது?

கேள்வி: கியோட்டோவில் மாதந்தோறும் 21ஆம் தேதி தோஜி கோயில் வளாகத்தில் கூடும் சந்தையில், ஏறத்தாழ 20 செ.மீ. அகலமுள்ள நீல வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கண்டேன். எடோ காலத்தது, 300 ஆண்டுப் பழமையானது என்று கூறி விற்பவர் 40,000 யென் கேட்கிறார். அடியில் சீனப் பேரரசர் செங்ஹுவாவின் முத்திரையும், சிறு புள்ளிகளாக மூன்று வடுக்களும் உள்ளன. படங்களை அனுப்பியுள்ளேன். அடுத்த சந்தையில் வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். செங்ஹுவா ஆட்சிக்காலம் 1465 முதல் 1487 வரை. ஜப்பானின் அரிதாவில் பீங்கான் சுடத் தொடங்கியதோ 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். சீனப் பீங்கானுக்கு இருந்த மதிப்பினால் அரிதாக் குயவர்கள் அம்முத்திரையைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தனர் என்பதால், அதைக் கொண்டு வயதைக் கணிக்க இயலாது. வடுக்களும் அப்படியே: சூளையில் தட்டின் நடுப்பகுதி தொய்யாதிருக்க வைத்த முட்டுகளின் தடம் அவை, ஜப்பானியத் தட்டு என்பதற்குச் சான்றாகலாம், பழமைக்கு ஆகா.

உங்கள் இரண்டாவது படத்தில் விளிம்புக் கொடியைப் பாருங்கள். ஓரிடத்தில் தண்டு சட்டென்று அறுபட்டு, அடுத்த துண்டு சற்றே மேலேறித் தொடங்குகிறது. இலைக்கோடுகளும் தொடர்ந்து ஓடாமல் சிறு கீற்றுகளாகவும் புள்ளிகளாகவும் விட்டுவிட்டு நிற்கின்றன. தூரிகை இப்படி இழுக்காது. வெட்டிய தாளைத் தட்டின்மேல் ஒட்டிச் சாயம் தோய்த்தால், தாள் கிழியாதிருக்க விடப்பட்ட இணைப்புகள் வெள்ளை இடைவெளிகளாகப் பதியும். ‘இன்பான்’ எனப்படும் அச்சுப் பாண்டங்களில் இது ஒரு வகை. எடோ காலம் 1868இல் முடிந்தபின் வந்த மெய்ஜி காலத்தில், 1870களுக்குப் பிறகு பெருகியது. ஊதா கலந்த பளீர் நீலமும் அக்காலத்தில் இறக்குமதியான செயற்கைக் கோபால்ட் நீலச் சாயத்தையே நினைவூட்டுகிறது, எனினும் படத்தில் நிறம் வெளிச்சத்துக்கேற்ப மாறும் என்பதால் கொடியின் பொருத்தையே நான் முதன்மையாகக் கொள்கிறேன்.

இன்பான் தட்டு இழிவானதன்று. என் வீட்டில் நான்கைந்து அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. அச்சுத் தட்டுக்குரிய விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்குமுன் விளிம்பை நகத்தால் சுற்றிலும் வருடிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மெழுகுபோல் மென்மையாகத் தோன்றினால் உடைப்பைப் பூசி மறைத்திருக்கலாம். விற்பவர் எடோ என்றே சாதித்தால், காலத்தையும் கைவரைவு என்பதையும் ரசீதில் எழுதித் தரக் கேளுங்கள். தயங்கினால், கொடி அறுபட்ட இடத்தைச் சுட்டிக்காட்டிப் பேரத்தைத் தொடங்கலாம்.